கிள்ளுகிற பையனுக்கு எதைக் கற்றுத்தருவது?

மேச்சேரிப் பக்கத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு நோட்டை எடுக்கச் சொன்னதுமே பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான். "போயி வெளிய நில்லு" என்கிறார் டீச்சர். போய் நிற்கிறான். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கிலிருந்து தப்பித்தாயிற்று. நாளைக்கும் கிள்ளுவான்.

தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதியைத் திருத்தி அடிக்கு முடிவு கட்டினார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் மனத்தைப் புண்படுத்தும் தண்டனையையும் தடுத்தது. இதில் பின்வாங்கவே கூடாது. ஆனால் பிரம்பைக் கீழே போட்ட ஆசிரியர் அடுத்து என்ன செய்வது என்பதைச் சட்டம் கற்றுத்தராது. அந்த இடத்தை "கையைக் கட்டு", "சாரி சொல்லு" என்ற இரண்டும் பிடித்துக்கொண்டன.

இவை ஏன் பலிப்பதில்லை? 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் விடை இருக்கிறது. பாடம் கடினமானதால் முரண்டு பிடித்த பிள்ளைக்கு, புரியவில்லை என்று சொல்லப் பழக்கினார்கள். உதவி கிடைத்தது, முரண்டு குறைந்தது. காரணத்தோடு ஒட்டாத வாக்கியத்தைப் பழக்கியபோது குறையவில்லை. நம் "சாரி" அந்த ஒட்டாத வாக்கியம்தான். கழித்தல் தெரியாதவனுக்கு அது என்ன தரும்?

நான்கே பிள்ளைகளிடம் கண்டதை ஐந்து வகுப்பை இருவர் நடத்தும் பள்ளிக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்பது நியாயமான மறுப்பு. "புரியல டீச்சர்" என்றவனிடம் யாரும் வராவிட்டால், பழையபடி கிள்ளத்தான் செய்வான். ஆனால் பாதி வேலை இங்கே ஏற்கெனவே நடந்திருக்கிறது. முன்பு செயல்வழிக் கற்றலின் ஏணியும் அட்டைகளும் பிள்ளையின் தரத்துக்கே பாடத்தை இறக்கித் தந்தன; 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் அதையே செய்கின்றன. முரண்டின் ஒரு காரணம் அங்கேயே அடிபடுகிறது. எல்லாக் காரணமும் அல்ல. வீட்டுச் சண்டையைச் சுமந்து வரும் பிள்ளைக்குத் தரத்துக்கேற்ற பாடம் மட்டும் போதாது.

கிள்ளுவதற்குப் பதிலாக உதவி கேட்பது போன்ற மாற்று நடத்தையைக் கற்றுத்தருவதே சரி என்பது என் முடிவு. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு மட்டும். முதல் சில வாரம் அவன் உதவி கேட்கும்போதெல்லாம் ஆசிரியர் உடனே போக வேண்டும். காத்திருக்கப் பழக்குவது அதற்கப்புறம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளையை எடுத்து, எப்போது கிள்ளினான், கிள்ளியதும் அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஆசிரியர்கள் சேர்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்கட்டும்.