ஒரு பல் அகலம், ஒரு பல் மெலிசு!

செயின் கழலவில்லை! சுங்கை பாக்காப்பிலிருந்து ஜாவி பக்கம் போகிற செம்பனைத் தோட்டத்துக் குறுக்குப் பாதை எப்படிப்பட்டது என்று அங்குள்ள ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். மழை அரித்த பள்ளம், துருத்திக்கொண்டு நிற்கும் வேர், குறுக்கே விழுந்து கிடக்கும் மட்டை, டிராக்டர் சக்கரம் உழுது வெயில் காயவைத்த செம்மண் வரப்பு, எல்லாம் அதில் உண்டு. அந்தப் பாதையில் சைக்கிளைக் கண்மண் தெரியாமல் இறக்கினேன். தாடை அதிர்ந்தது, கைப்பிடி கையை விட்டுப் போகப் பார்த்தது, தண்ணீர் போத்தல் எகிறி எங்கோ விழுந்தது. செயின்? ஒரு கண்ணிகூட இடம் நகரவில்லை. அன்றிலிருந்து எனக்கு வேறு பேச்சே இல்லை. பசியாறக் கடையில் உட்கார்ந்தால் இதுதான், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் இதுதான். அவர் ரசத்துக்குக் கை நீட்டுகிறார், நான் பல்சக்கரத்தை விளக்குகிறேன். என்ன செய்ய, சந்தோஷம் தாங்கவில்லை!

மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நல்ல இறக்கம், காற்று காதில் கத்துகிறது, கீழே ஒரு வாய்க்கால், அதைத் தாண்டினால் உடனே செங்குத்தாக மேடு. வந்த வேகத்தோடு நாலு மிதி மிதித்தால் மேட்டைப் பிடித்துவிடலாம். மிதிக்கிறீர்கள். கால் காற்றில் போகிறது! பெடல் வெறுமனே சுற்றுகிறது, முழங்கால் போய்க் கைப்பிடியில் இடிக்கிறது, வேகம் செத்து, சைக்கிள் பின்னால் வழுக்குகிறது. இறங்கி, குனிந்து, கறுப்பு மசகு விரலெல்லாம் அப்ப, பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கிய செயினை நெம்பி எடுக்க வேண்டும். செம்பனை நிழலில் நின்றால் கொசு சும்மா விடுமா? கூட வந்தவர்கள் அதற்குள் அடுத்த மேட்டில். இந்த எரிச்சலை அனுபவித்தவர்கள்தான் என் கூத்தாட்டத்தைப் புரிந்துகொள்வார்கள்.

செயின் கழல்வதற்குக் காரணம் எளிது. சைக்கிள் குதிக்கும்போது பின்னால் தொங்குகிற, கியர் மாற்றும் டீரெய்லரின் கை முன்பக்கமாக ஆடுகிறது. அந்த நொடியில் கீழ்ப்பக்கச் செயின் தொய்கிறது, தொய்வு அலையாக ஓடி முன் பல்சக்கரத்துக்கு வருகிறது, ஒரே ஒரு கண்ணி பல் நுனிமேல் ஏறிவிட்டால் போதும், மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே சரியும். முன்பெல்லாம் முன்னால் மூன்று பல்சக்கரம் இருந்தது. செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும் என்பதற்காகவே அவற்றின் பற்களைக் குட்டையாகவும் சாய்வாகவும் வெட்டியிருப்பார்கள். ஆனாலும் முன் டீரெய்லரின் கூண்டு இரண்டு பக்கமும் காவல் நின்றது. எடை குறையட்டும், சேறு அடையாமல் இருக்கட்டும் என்று கூண்டையும் இரண்டு சக்கரங்களையும் கழற்றிப்போட்டால் காவல் போய்விடுகிறது, தாவுவதற்கென்று வெட்டிய பல் மட்டும் மிஞ்சுகிறது. கழலாமல் என்ன செய்யும்!

பால்மரக் காலத்துத் தோட்டச் சைக்கிள்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம், இரண்டுக்கும் நடுவில் நேர்கோட்டில் செயின். பின் அச்சை இழுத்து நட்டை முறுக்கினால் தொய்வதற்கே இடமில்லை. நம்ம சைக்கிள் வீரர் அஸிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் பந்தயத்தில் உலகப் பட்டம் வாங்கினாரே, அந்தப் பந்தயச் சைக்கிளும் இதே கணக்குத்தான். பின்னால் பதினொன்று, பன்னிரண்டு என்று பல்சக்கரங்களை அடுக்கி, செயினைப் பக்கவாட்டில் அங்கேயும் இங்கேயும் இழுத்து, அதோடு வேரிலும் கல்லிலும் குதிக்கவும் வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோம். அங்கேதான் வருகிறது வினை.

அந்த ஆசைக்குப் பதில் 2012இல் வந்தது. ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1! முன்னால் ஒன்றே ஒன்று, பின்னால் 10 பல்லிலிருந்து 42 பல் வரை பதினொரு சக்கரம், முன் டீரெய்லருக்கு வேலையே இல்லை. அந்த முன் சக்கரத்தின் பற்களைப் பாருங்களேன், ஒரு பல் அகலம், அடுத்தது மெலிசு, மறுபடி அகலம், மறுபடி மெலிசு. நேரோ-ஒயிட் என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஏன் இந்த மாறி மாறி வேலை? செயினையே உற்றுப் பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. ஒரு கண்ணி உள்தகடு, அதன் இடைவெளி குறுகல். அடுத்தது வெளித்தகடு, அதன் இடைவெளி அகலம். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருளைச் செயினுக்குக் காப்புரிமை வாங்கிய காலத்திலிருந்தே செயின் இப்படித்தான் மாறி மாறி வருகிறது. ஆனால் சைக்கிள் பல்சக்கரத்தில் எல்லாப் பல்லையும் குறுகிய இடைவெளிக்கு ஏற்ற மெலிசிலேயே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அகலக் கண்ணிக்குள் அந்தப் பல் லொடலொட என்று ஆடும். இப்போது அகலத்துக்கு அகலம், மெலிசுக்கு மெலிசு. பக்கவாட்டில் அசைய இடமே இல்லை! இந்த வடிவத்தின் காப்புரிமைக்காக ஸ்ராமும் ஃபாக்ஸ் ஃபாக்டரி நிறுவனமும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் மோதினார்கள், 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சும்மாவா மோதினார்கள்? பொருள் அப்படி.

என் சைக்கிளில் அதை மாட்டிய சாயங்காலத்தைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினோம். பழைய மூன்று சக்கரத்தையும் கழற்றி, நடுச் சக்கரம் இருந்த இடத்தில் 32 பல் நேரோ-ஒயிட்டை வைத்தோம். நடுவில் வைத்தால்தான் பின்னால் பெரிய சக்கரத்துக்கும் சின்னதுக்கும் செயின் போகிற சாய்வு சமமாக இருக்கும். போல்ட்டும் குட்டையாக வேண்டும், மூன்று சக்கரத்துக்கான நீளப் போல்ட் முறுகி நிற்காது. பிறகு செயினைப் போடப் போனேன், அவசரம் எனக்கு. "தம்பி, அழுத்தாதே, அகலப் பல்லைப் பார்த்து அகலக் கண்ணியை வை, மத்தது தானா உட்காரும்" என்றார் அண்ணன். வைத்தேன். மிதிகட்டையைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். டக், டக், டக், ஒவ்வொரு கண்ணியும் அதனதன் பல்லில் போய் இறங்குகிறது, ஜிப் மூடுகிற மாதிரி! செயினை விரலால் பிடித்து வெளிப்பக்கம் இழுத்தேன், வரவில்லை. உள்பக்கம் தள்ளினேன், போகவில்லை. புதுப் பல்லின் ஓரம் விரலில் கூராக உரசியது, அதைக்கூட விடாமல் தடவிக்கொண்டே இருந்தேன். அண்ணன் சிரித்தார், "உன்னைய இன்னைக்கு வீட்டுக்குள்ள அனுப்ப முடியாது போல" என்று.

பல் மட்டும் போதாது என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார், அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பின்னால் கிளட்ச் உள்ள டீரெய்லர் மாட்ட வைத்தார். ஷிமானோ 2011இல் எக்ஸ்டிஆர் வரிசையில் ஷேடோ பிளஸ் என்று கொண்டுவந்தார்களே, அதே தத்துவம். டீரெய்லர் கை சுழலும் அச்சில் ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் உருளைத் தாங்கியும் அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற உராய்வுப் பட்டையும் இருக்கும். கை பின்னால் வந்து செயினை இழுத்துப் பிடிப்பதற்குத் தடையே இல்லை. முன்னால் ஆடப் போனால் மட்டும் பிடித்து நிறுத்தும். சாதா டீரெய்லரின் கையை ஒரு விரலால் தள்ளலாம், இதற்கு உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டியிருக்கிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு நெம்பு இருக்கும், சக்கரம் கழற்றும்போது கீழே தட்டினால் தளரும், ஓட்டும்போது மேலே தட்டினால் இறுகும். ஷிமானோவுக்கு நம்ம ஜொகூர் பொந்தியானிலும் தொழிற்சாலை இருக்கிறது, தெரியுமா? அவர்கள் சாமான் எதிலாவது மலேசியா முத்திரையைப் பார்த்தால் எனக்கு ஒரு படி கூடுதல் குஷி!

அடுத்த ஞாயிறு விடிந்தும் விடியாமல் கிளம்பிவிட்டோம். கெடா எல்லைப் பக்கம் கிழக்கே போகப் போகத் தோட்டம் மேடும் பள்ளமுமாக மாறும். ராத்திரி பெய்த மழையில் செம்மண் ஊறிக் கிடந்தது, உதிர்ந்த செம்பனைப் பழங்கள் சக்கரத்துக்கடியில் நசுங்கி எண்ணெய் வாடை எழும்பியது, வெட்டிக் குவித்த குலைகளின் மேல் ஈ மொய்த்தது, நாரை ஒன்று வாய்க்கால் ஓரத்தில் எங்களைச் சட்டை பண்ணாமல் நின்றது. இறக்கத்தின் தலைமாட்டில் நின்றேன், நெஞ்சு அடித்துக்கொண்டது, அண்ணன் "விடுடா தம்பி!" என்று கத்தினார், விட்டேன், முதல் வேர், இரண்டாவது வேர், பின் சக்கரம் தூக்கிப் போடுகிறது, மட்டை ஒன்று கம்பிகளில் சடசடவென்று அடித்துப் பறக்கிறது, வரப்பு, பள்ளம், மறுபடி வரப்பு, பழைய சைக்கிளாக இருந்தால் இந்நேரம் செயின் சட்டத்தில் மோதி கடகடவென்று கத்தியிருக்கும், இதில் சத்தமே இல்லை, சத்தமே இல்லையே என்று எனக்குள் ஒரு குரல், அதற்குள் வாய்க்கால் வந்துவிட்டது, தாவினேன், விழுந்த அதிர்ச்சி முதுகு வரைக்கும் ஏறியது, எதிரே மேடு, இதுதான் பரீட்சை, இதுதான், கியரை இரண்டு தட்டுத் தட்டி உடம்புப் பாரம் முழுக்க வலது காலில் போட்டு மிதித்தேன், பிடித்தது! பல் பிடித்தது, செயின் இழுத்தது, பின் டயர் மண்ணைக் கவ்வியது, சைக்கிள் மேலே ஏறுகிறது, நான் சிரிக்கிறேன், கத்துகிறேன், கத்திக்கொண்டே ஏறுகிறேன், மேட்டு உச்சியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னவோ ஏதோ என்று கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தே விட்டார், அவரிடமும் செயினைக் காட்டி "கழலலைங்கய்யா, பாருங்க, கழலவே இல்லை" என்றேன், அவரும் குனிந்து பார்த்து "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னார், அந்த ஒரு சொல்லுக்கே இன்னொரு தடவை இறங்கி ஏறலாம் என்று தோன்றியது, இறங்கினேன், ஏறினேன்!

குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால், கிளட்ச் இருப்பதால் கியர் நெம்பு ஒரு துளி கனக்கும். அதுவும் பழகிப்போகும். இந்த ஏற்பாடு வந்த பிறகும் செயின் கழன்றதே இல்லையா என்று கேட்பீர்கள், கழன்றிருக்கிறது. 2023 ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயத் தொடரில் மோந்தே லுஸ்ஸாரி மலையேற்றத் தனிப்பந்தயம். பிரிமோஷ் ரோக்லிச் முன்னால் ஒரே பல்சக்கரத்தோடு ஏறினார், பாதையில் ஒரு குழி, செயின் கழன்றுவிட்டது! உலகமே பார்க்க இறங்கி மாட்டினார், பார்வையாளர் ஒருவர் ஓடிவந்து தள்ளிவிட்டார், ஒருகாலத்தில் ரோக்லிச்சோடு ஸ்கீ ஜம்பிங் அணியில் இருந்தவராம் அவர்! அப்படியும் ரோக்லிச் அன்றைய பந்தயத்தையும் வென்று, ஜிரோ பட்டத்தையும் கெரெய்ன்ட் தாமஸை 14 வினாடியில் முந்தித் தட்டிக்கொண்டு போனார். அந்தக் காணொளியை நான் எத்தனை தடவை பார்த்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. அவ்வளவு தூரத்துக்குப் பயப்படுகிறவர்கள் பல்சக்கரத்தின் மேல் ஒரு சின்னச் செயின் காவல் மாட்டிக்கொள்ளுங்கள், கைக்கு அடக்கமான சாமான்தான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நினோ ஷுர்ட்டர் மலைச் சைக்கிள் தங்கம் வாங்கியதும் முன்னால் ஒரே பல்சக்கரத்தில்தான், அதையும் மறக்காதீர்கள்.

ஆகவே, முன்னால் ஒரே பல்சக்கரம் வைத்து ஓட்டுகிறவர்களே, இன்றைக்கே குனிந்து பாருங்கள். எல்லாப் பல்லும் ஒரே தடிமனாக இருந்தால் மாற்றிவிடுங்கள். உங்கள் மிதிகட்டையின் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தைப் பார்த்து வாங்குங்கள், 104 மில்லிமீட்டர் நான்கு போல்ட் என்றால் எங்கேயும் கிடைக்கும். பற்களின் எண்ணிக்கை இரட்டைப்படையில்தான் வரும், 30, 32, 34 என்று உங்கள் காலுக்கு ஏற்றதை எடுங்கள். செயின் தேவைக்கு மேல் நீளமாகத் தொங்கினால் கண்ணி குறையுங்கள். செயின் தேய்மான அளவுகோல் 0.5 காட்டினால் யோசிக்காமல் புதுச் செயின் போடுங்கள், தேய்ந்த செயின் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். கிளட்ச் நெம்பு மேலே இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன் ஒரு தட்டுத் தட்டுங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுங்கை பாக்காப் பக்கம் வாருங்கள். வழி நான் காட்டுகிறேன், பசியாறலும் என் கணக்கு.