பழுவூர் இளையராணியின் நகைகள்

'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு 2024 ஆகஸ்டில் நான்கு தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டதும், அந்தப் படத்தைப் பற்றிய விவாதமே முடிந்துவிட்டதாக அதன் அன்பர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் அது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மணப்பெண் அலங்காரத்தில் 'நந்தினி லுக்', 'குந்தவை லுக்' என்று கேட்டு வாங்கும் வழக்கம் படம் வந்த கையோடு பரவிவிட்டது. விருதும் வழக்கமும் சேர்ந்து ஒரு வாதத்தை உருவாக்கியிருக்கின்றன: கண்ணுக்கு அழகாக இருக்கிறது, நாடே ஏற்றுக்கொண்டுவிட்டது, இனி என்ன குறை சொல்ல? இந்த வாதத்தை ஏற்க முடியாது. சரித்திரப் படத்தில் ஒரு ராணியின் அலங்காரம் அழகாக இருக்கிறதா என்பது முதல் கேள்வியே அல்ல. அந்த அலங்காரம் கதையில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. இந்தப் படத்தில் அது வேலை ஏதும் செய்யாமல், பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

நல்லதைச் சொல்லிவிடலாம். ரவி வர்மனின் ஒளிப்பதிவுக்கும் ஏ.ஆர். ரஹ்மானின் பின்னணி இசைக்கும் கிடைத்த விருதுகளில் மறுப்பதற்கு ஏதுமில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய ஐந்து பாகக் கதையை இரண்டு படங்களுக்குள் அடக்கியது சாதாரணக் காரியமல்ல. அரியணையை மாற்றச் சதி செய்யும் சிற்றரசர்களின் கூட்டத்துக்குள் சோழ இளவரசி குந்தவை தானே வந்து, அவர்கள் வீட்டுப் பெண்களைத் தம்பிக்கும் அண்ணனுக்கும் மணம் பேசுவதுபோலப் பேசிச் சதியின் கட்டைக் குலைக்கும் காட்சி, தமிழ் சினிமாவில் ஓர் அரசகுலப் பெண்ணின் அரசியல் அறிவு வெளிப்பட்ட அரிய இடங்களில் ஒன்று. ஓர்ச்சாவில் புந்தேலர்கள் கட்டிய அரண்மனையின் வளைவுகளையும் குவிமாடங்களையும் சோழ நாடாகக் காட்டினார்கள் என்ற புகாரைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோழர் அரண்மனை எதுவும் இன்று எழுந்து நிற்கவில்லை. எங்காவது போய்த்தான் எடுக்க வேண்டும்.

என் எதிர்ப்பெல்லாம் நந்தினியைப் பற்றியது. கோயில் சார்ந்த எளிய வீட்டில் வளர்ந்த பெண் அவள். இளவரசன் ஒருவனின் காதலியாக இருந்து அரண்மனைக்காரர்களால் விரட்டப்பட்டவள். பிறகு வயதான சிற்றரசர் பெரிய பழுவேட்டரையரை மணந்து, ஒரே தாவலில் பழுவூர் இளையராணி ஆகிறாள். இப்படிப்பட்டவளுக்கு ஒவ்வொரு நகையும் புதிதாகக் கைக்கு வந்த ஆயுதம். அதை அணியக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். பிறவியிலேயே அரசகுலத்தவளான குந்தவையின் எதிரில் நிற்கும்போது தன் ஆபரணம் சற்று அதிகமோ என்ற கூச்சமோ, அதிகமாகவே இருக்கட்டும் என்ற வீம்போ அவளுக்கு இருந்திருக்கும். கணவன் ஆசையோடு பூட்டிய அட்டிகையை அவனையே வீழ்த்தும் சதிக்காக அணிந்துகொள்வதில் ஒரு குரூரமும் துயரமும் இருக்கின்றன. இவற்றில் ஒன்றையாவது படத்தின் உடையலங்காரம் சொல்கிறதா? இல்லை. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வரும் சிறுமி நந்தினி எளிய உடையில் இருக்கிறாள். அந்தச் சில நிமிடங்களில் அவள் யார் என்று நமக்குப் புரிகிறது. அங்கிருந்து இளையராணிக்குத் தாவும்போது இடையில் நடந்த மாற்றம் முழுவதும் காணாமல் போகிறது. அதன்பின் அவள் சதி செய்தாலும் ஏங்கினாலும் பழிவாங்கத் துடித்தாலும் ஒரே ஜொலிப்புதான். நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியைக் கொண்டாடியவர்கள் பெரும்பாலும் பேசியது இருவரில் யார் அழகு என்பதைத்தான். அதற்கு ரசிகர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காமிரா அவர்களிடம் கேட்ட கேள்வியே அதுதான்.

இது கல்கியின் கற்பனை, வரலாறு அல்ல. நந்தினி என்று ஒருத்தி வாழ்ந்ததே இல்லை. பிறகு எதற்கு இந்தக் கணக்கு என்பது வழக்கமான பதில். நந்தினி கற்பனை என்பது உண்மைதான். கதையில் அவளைக் காதலித்த இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலைக்கு நம்மிடம் இருக்கும் முக்கியச் சான்று உடையார்குடிக் கல்வெட்டு. துரோகிகளாக அது பெயர் குறிப்பிடும் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரில் பெண் யாரும் இல்லை. ஆனால் கற்பனை என்ற வாதம் படத்தைக் காப்பாற்றாது, மாட்டித்தான் விடும். கற்பனைப் பாத்திரம் என்றால் கலைஞருக்குக் கை இன்னும் தாராளம். இயக்குநர் மணி ரத்னமும் உடையை வடிவமைத்த ஏகா லக்கானியும் எந்தக் கல்வெட்டுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்தை வைத்து அவளுடைய மனத்தை உடையில் எழுதியிருக்கலாம். அதைச் செய்யாமல், கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பார்த்து உருவாக்கிய அலங்காரம் என்று விளம்பரத்தில் ஆராய்ச்சியின் மதிப்பையும் வாங்கிக்கொள்கிறார்கள். குறை சொன்னால் கற்பனை, பாராட்டினால் ஆராய்ச்சி என்ற இந்த இரட்டைக் கணக்கு நேர்மையானதல்ல. திருமேனிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் தெய்வ வடிவங்கள். செம்பியன் மாதேவியின் உருவம் என்று பலர் கருதும், இப்போது வாஷிங்டனில் இருக்கும் சிலைகூட அரசியா தேவியா என்று இன்னும் விவாதிக்கப்படுகிறது. தேவியின் முகத்தில் மாறாத அமைதி இருக்க வேண்டும். ராணியின் முகத்தில், அதுவும் சதியில் இறங்கிய ராணியின் முகத்தில், அதே அமைதியை இரண்டு பாகங்களிலும் வைத்துவிட்டால் நாடகம் செத்துப்போகும்.

பகட்டு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சோஃபியா கப்போலாவின் 'மேரி அன்டோனெட்' 2006-இல் கான் விழாவில் கேலிக் கூச்சலையும் கைதட்டலையும் ஒருசேரப் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டு இளம் ராணியின் காலணிக் குவியலில் இந்தக் காலத்துக் கான்வாஸ் ஷூவைக் காட்டிய படம் அது. வரலாற்றுப் பிழை என்று பார்த்தால் நம் படத்தைவிடப் பல மடங்கு துணிச்சலானது. ஆனால் அதில் உடைதான் கதை. ஆஸ்திரியப் பெண் பிரெஞ்சு எல்லைக்கு வந்ததும் அவள் உடுத்தியிருந்த எல்லாவற்றையும் களைந்து, நாய்க்குட்டியையும் பிடுங்கிக்கொண்டு, பிரான்ஸின் ஆடையை அணிவிக்கிறார்கள். காலையில் அவளுக்கு உடுத்திவிடும் உரிமை எந்தச் சீமாட்டிக்கு என்ற வரிசைச் சடங்கு முடியும்வரை அவள் குளிரில் நிற்கிறாள். பட்டு அவளுடைய சிறை என்று நமக்கு யாரும் வசனத்தில் சொல்வதில்லை. அந்நியப் படம் எதற்கு என்றால் நம்மிடமே உதாரணம் இருக்கிறது. எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' 1948-இல் வந்தது; பகட்டில் அதற்கு இணை சொல்வது கடினம். அந்த முரசு நடனம் வெறும் காட்சி இன்பமாக முடிந்துவிடவில்லை. முரசுகளுக்குள்ளே வீரர்கள் ஒளிந்திருந்தார்கள். ஆடம்பரம் முடியும் இடத்தில் கோட்டைக்குள் போர் தொடங்கியது. கல்கியும் இந்த நுட்பத்தை அறிந்தவர். இளையராணியின் மூடுபல்லக்கைப் பார்த்து ஊரே கிசுகிசுக்கும்போது, கடம்பூர் மாளிகையில் அதற்குள்ளிருந்து, சிற்றரசர்கள் அரியணை ஏற்ற நினைக்கும் மதுராந்தகர் இறங்குகிறார். படமும் அந்தக் காட்சியை விடவில்லை. பல்லக்குக்குத் தெரிந்த அரசியல், அதில் பயணம் செய்யும் பெண்ணின் உடைக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்பதுதான் என் ஆதங்கம்.

வெகுஜனப் படத்திடம் இவ்வளவு கேட்கலாமா என்பார்கள். கேட்கத்தான் வேண்டும். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோழர் காலத்துப் பெண் என்றால் இனி இந்த முகங்கள்தான். அவர்களுக்கு எது தெரியாமல் போகிறது என்று பாருங்கள். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் திண்டிவனம். அதன் பக்கத்தில் தாதாபுரம். அங்கே சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் கோயில் எடுத்தவர் குந்தவை. சோழ மன்னனை இந்து அரசன் என்று சொல்லலாமா என்று 2022-இல் படத்தையொட்டி நடந்த கூச்சலில் இந்த மூன்று கோயில்களைப் பற்றிய பேச்சுக் குறைவாகவே காதில் விழுந்தது. தஞ்சையில் ஆதுலர் சாலை எனப்பட்ட ஒரு மருத்துவமனைக்கு அவர் கொடை அளித்தார். பெரிய கோயிலில் தம் தாய் தந்தையரின் திருமேனிகளை எழுந்தருளுவித்தார். அங்கே அவர் கொடுத்த நகைகளைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நிறுத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முத்துகளையும் வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு, இரட்டை என்று வகை பிரித்துப் பதிந்தார்கள். நகை என்பது அந்தப் பெண்களிடம் அதிகாரமாகவும் சொத்தாகவும் கொடையாகவும் இருந்தது. அதை எண்ணவும் நிறுக்கவும் கொடுக்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அணிந்துகொண்டு நிற்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. படத்தில் ராணிகளின் நகைகள் பெரும்பாலும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய் அதிகாரத்தை மாற்றுவதில்லை. துணிக்கும் இதே கதிதான். தறிக்கு வரி விதித்த அரசு அது. நெய்தவன் இல்லாமல் வந்து விழுந்ததுபோலத்தான் படத்தில் பட்டு மினுங்குகிறது. தாம்பரம் மாநகராட்சிக்குள்ளேயே அனகாபுத்தூரில் கைத்தறி நெசவு குறுகிக் குறுகி வருவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த மறதி சின்ன விஷயமாகத் தோன்றாது.

2024-இல் அறிவிக்கப்பட்ட அதே பட்டியலில் உடை வடிவமைப்புக்கான தேசிய விருது 'கட்ச் எக்ஸ்பிரஸ்' என்ற குஜராத்திப் படத்துக்குப் போயிற்று. நம் படத்துக்கு அந்த விருது மட்டும் கிடைக்கவில்லையே என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஒளிக்கும் ஒலிக்கும் இசைக்கும் தமிழில் சிறந்த படம் என்பதற்கும் விருது கொடுத்த குழு, இந்த ஒன்றில் கையை இழுத்துக்கொண்டது நியாயமே. அடுத்த சரித்திரப் படத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் இந்தப் படத்தின் நகைப்பெட்டியை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை. அவர்கள் சிற்றரசர்கள் கூட்டத்துக்குள் குந்தவை நுழைந்த அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்க்கட்டும். அங்கே அவர் என்ன அணிந்திருந்தார் என்று ஒருவருக்கும் நினைவில்லை. என்ன பேசி அந்தக் கூட்டத்தைக் கலைத்தார் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது.