தேயிலைக் காசில் எடுத்த கவிதை

நம்முடைய சினிமா ரசனையைப் பற்றி நமக்குள்ளேயே ஒரு பொய் நெடுநாளாக உலவி வருகிறது. நல்ல படத்தின் முன் உட்காரும்போது நாம் ஊர், சாதி, பாஷை எல்லாவற்றையும் வாசலில் கழற்றிவிட்டு, எந்த ஊரையும் சேராத ஒரு ரசிகனாக உட்காருகிறோம் என்பதுதான் அது. தியேட்டரின் இருட்டில் இந்தப் பொய் கொஞ்சம் செல்லுபடியாகலாம். வீட்டில் செல்லாது. வீட்டில் படம் பார்க்கிறபோது கொல்லையில் ஆடு கத்துகிறது, மின்சாரம் போகிறது, பக்கத்து வீட்டு ஆயா வந்து "என்ன படம்?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லத் திணறியதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

புதுக்கோட்டையில் ஞாயிறு மத்தியானங்களில் நாங்கள் நான்கைந்து பேர் ஒரு வீட்டில் கூடிப் பழைய பிரிட்டிஷ் படங்களைப் பார்த்து வருகிறோம். பார்ப்பது ஒன்றரை மணி நேரம், சண்டை மூன்று மணி நேரம். இந்தப் படங்கள் இந்த ஊருக்கு அவை வந்த காலத்தில் வந்தவையல்ல. நாங்கள் அவற்றைப் பேராகவே அறிந்திருந்தோம், எங்கோ எதிலோ படித்த பேராக. இன்று இணையத்தில் தேடினால் கிடைத்துவிடுகின்றன. கிடைத்தபின் தெரிகிறது, பேராக இருந்தபோது அவற்றுக்கு நாம் கொடுத்திருந்த மதிப்பு வேறு, பார்த்தபின் கொடுக்க வேண்டியிருக்கும் மதிப்பு வேறு என்பது.

டேவிட் லீனின் 'ப்ரீஃப் என்கவுண்டர்' (1945) படத்தில் ஒரு ரயில் நிலையத்தின் தேநீர்க் கடையில் கல்யாணமான ஒருத்தியும் கல்யாணமான ஒருவனும் சந்திக்கிறார்கள், பிரிகிறார்கள். அவ்வளவுதான். கடைசிப் பிரிவின்போது ஒரு வாயாடி சிநேகிதி வந்து நடுவில் உட்கார்ந்துவிடுகிறாள். அவனால் போகும்போது அவள் தோளில் ஒரு முறை கை வைக்க மட்டுமே முடிகிறது. வார்த்தைக்கு இடமில்லாமல் போன அந்த ஒரு கணத்தில், நம் படங்கள் பத்து பாட்டுகளில் சொல்லாததைச் சொல்லிவிடுகிறார்கள். கேரல் ரீடின் 'தேர்ட் மேன்' (1949) கடைசி ஷாட்டைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம். கல்லறைச் சாலையில் அந்தப் பெண் தூரத்திலிருந்து நடந்து வந்து, காத்திருப்பவனைத் திரும்பியும் பாராமல் கடந்து போகிறாள். கதை எழுதிய கிரஹாம் கிரீன் இருவரும் சேர்வதாகவே முடிக்க நினைத்தார். ரீட் மறுத்தார். ரீட்தான் சரி என்று கிரீன் பின்னால் ஒப்புக்கொண்டார். எழுத்தாளன் சினிமாவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் எது என்பதற்கு நம்மவர்கள் யோசிக்கத்தக்க உதாரணம் இது.

இவற்றில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. அது அவர்கள் ஊர், அவர்கள் மழை, அவர்கள் கூச்சம். பவல், பிரஸ்பர்கரின் 'பிளாக் நார்சிஸஸ்' (1947) வந்தபோது கொஞ்சம் நெளிந்தோம். லண்டனுக்குப் பக்கத்துப் பைன்வுட் ஸ்டூடியோவில், கண்ணாடியில் வரைந்து எழுப்பிய இமயமலை. ஜீன் சிம்மன்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு முகத்தில் பழுப்புச் சாயம் பூசி ஓர் இந்தியப் பெண். ஆனாலும் ஜாக் கார்டிஃபின் ஒளிப்பதிவு எங்களை வாயடைக்க வைத்தது. அது பொய் இந்தியா என்பதை அந்தப் படமே மறைக்கவில்லை. வெள்ளைக்காரிகளின் மனசுக்குள் இருக்கும் இந்தியா அது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். சமாதானம் சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சமாதானம் சொல்ல முடியாமல் போனது பேஸில் ரைட்டின் 'ஸாங் ஆஃப் சிலோன்' (1934) படத்தில்.

முதலில் படம். ஏறத்தாழ நாற்பது நிமிஷம். ஜான் கிரியர்ஸன் தயாரித்தது. எம்பயர் மார்க்கெட்டிங் போர்டின் படப் பிரிவு, அந்த ஸ்தாபனம் 1933ல் மூடப்பட்டதும், பிரிட்டிஷ் தபால் இலாகாவின் கீழ் வந்தது. அந்தப் பிரிவின் படம் இது. பணம் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையுடையது. அவர்கள் கேட்டது தேயிலை விற்க உதவும் சின்னச் சின்னப் படங்கள். ரைட் கொண்டு வந்து கொடுத்தது நான்கு பகுதிகள் கொண்ட ஒரு கவிதை. முதல் பகுதி சிவனொளிபாத மலைக்கு ஏறும் யாத்திரிகர்கள். இரண்டாவது கிராம வாழ்வு. மூன்றாவது வாணிபத்தின் குரல்கள். நான்காவது பொலன்னறுவையின் புத்தர் சிலைகளும் நடனமும். மலையுச்சியில் மணி ஒலிக்க, ஒரு பறவை எழும்பிப் பறக்க, காமிரா அதன் பின்னால் போக, மணியின் நாதம் தண்ணீர் மேலும் மலை மேலும் பரவுகிற அந்த இடத்தை நாங்கள் மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தோம். வீட்டில் பார்ப்பதில் உள்ள சௌகரியம் அது.

மூன்றாம் பகுதிதான் படத்தின் மூளை. காடு வழியே ரயில் போகிறது, யானை மரத்தைச் சாய்க்கிறது, தென்னை ஏறுகிறார்கள், தேயிலை பறிக்கிறார்கள். சப்தமோ வேறொரு உலகத்திலிருந்து வருகிறது. சந்தை விலைகள், கப்பல் விவரங்கள், வியாபாரக் கடிதத்தின் சம்பிரதாய வாசகங்கள். படிமமும் சப்தமும் ஒன்றையொன்று விளக்கவில்லை, ஒன்றையொன்று விசாரிக்கின்றன. 1934ல், சினிமா பேசத் தொடங்கி ஏழெட்டு வருஷத்தில், சப்தத்தை இப்படி ஒரு விமர்சனக் கருவியாக்கியது சாதாரண காரியமில்லை. அதுவும் வியாபாரி கொடுத்த காசில்.

எங்களில் உருவம்தான் முக்கியம் என்கிற நண்பர் இந்த இடத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உள்ளடக்கத்துக்கு வக்காலத்து வாங்குகிற நண்பர், "இதெல்லாம் சரி, அந்தக் கொழுந்து பறிக்கிறவள் யார்?" என்று கேட்டார். படம் சொல்லவில்லை. நமக்குத் தெரியும்.

அவள் இந்தப் பக்கத்துக்காரி. திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று பஞ்சம் பட்ட பூமியிலிருந்தெல்லாம் கங்காணிமார் ஆள் பிடித்தார்கள். 19ம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கு, காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைக்கு. மன்னாரில் இறங்கிக் காடு வழியே கண்டிக்கு நடந்தவர்களில் வழியில் விழுந்தவர்கள் பலர். மண்டபத்தில் முகாம், தனுஷ்கோடியில் கப்பல் என்று 1914க்குப் பின் ஒழுங்கானது. 1948ல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு அவர்களுக்குக் குடியுரிமை இல்லை என்றாயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டது 1974 ஜனவரியில். புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அதே ஜனவரியில்தான். 1983க்குப் பின் வந்தவர்களுக்குத் தோப்புக்கொல்லையிலும் லேணாவிளக்கிலும் அழியாநிலையிலும் முகாம்கள். நாங்கள் படம் பார்க்கிற அறையிலிருந்து இவை எதுவும் தூரமில்லை.

இனி, படத்தின் இரண்டாம் பகுதிக்கும் மூன்றாவதற்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிராமப் பகுதிக்கு வர்ணனை, ராபர்ட் நாக்ஸ் 1681ல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து. கண்டி ராஜ்யத்தில் இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி அவன். அதைப் படிப்பவர் கொழும்பின் லயனல் வெண்ட், நுட்பமான புகைப்படக் கலைஞர். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய சொற்கள் 1934ன் விவசாயிக்கு அப்படியே பொருந்துகின்றன என்பதுதான் படத்தின் வாதம். மாறாத தீவு ஒரு பக்கம், மாற்ற வந்த வாணிபம் மறு பக்கம். அழகான எதிர்நிலை. ஆனால் தோட்டத்துத் தமிழன் இரண்டிலும் இல்லை. அவன் புராதனத் தீவின் மகனில்லை, நாக்ஸின் புத்தகத்தில் அவனுக்கு இடமில்லை. வாணிபத்தின் குரலும் அவனுடையதில்லை. வாணிபம் அவனைக் கொண்டு வந்தது, அவ்வளவே. பிரசார சபை அவனைக் காட்டாதே என்று சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரைட் தேர்ந்துகொண்ட உருவத்திலேயே அவனுக்கு இருக்கை கிடையாது.

நமக்கு முக்கியமானது இதுதான். உருவமா உள்ளடக்கமா என்று நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்த சண்டையில் இரு தரப்பும் ஒன்றை விட்டுவிட்டோம். உருவம் என்பது பார்வை எவ்வளவு தூரம் போனது என்பதன் அளவு. இங்கே உருவம் பிரமாதம், உள்ளடக்கத்தில் குறை என்று பிரித்துச் சொல்வது அர்த்தமில்லாதது. குறை உருவத்திலேயே இருக்கிறது. இரண்டே கட்டங்கள் போட்டதுதான் குறை.

காலத்தின் எல்லை அது என்று ஒருவர் சமாதானம் சொன்னார். அதுவும் நிற்கவில்லை. 1935ல் எல்டனும் ஆன்ஸ்டேயும் எடுத்த 'ஹவுஸிங் ப்ராப்ளம்ஸ்' படத்தில் லண்டன் சேரிக்காரர்கள் காமிராவைப் பார்த்துத் தம் வாயாலேயே எலியையும் மூட்டைப்பூச்சியையும் பற்றிப் பேசுகிறார்கள். அதற்குக் காசு கொடுத்தது எரிவாயுக் கம்பெனிகளின் சங்கம். 1936ல் இதே ரைட்டும் ஹாரி வாட்டும் சேர்ந்து எடுத்த 'நைட் மெயில்' படத்தில் தபால்காரர்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொள்கிறார்கள். இலங்கைக்குப் பேச்சைப் பதிவு செய்யும் கருவியை எடுத்துப் போக வசதியில்லை, சப்தம் எல்லாம் லண்டனில் சேர்த்தது என்பது உண்மை. ஆனால் லண்டனில் சேர்க்கும்போது தரகனின் குரலைச் சேர்க்கத் தோன்றியது.

1935ல் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யை எழுதினார். அவரும் தோட்டத்தில் வேலை பார்த்தவரல்ல. நெல்லைச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து மருதியைத் தேயிலைத் தோட்டம் வரை அழைத்துப் போனார். கதையில் நாடகத்தனம் உண்டு, தற்செயல்கள் அதிகம், சினிமாவாக ரைட்டின் படம் எட்டிய நேர்த்தியை எழுத்தாக அந்தக் கதை எட்டவில்லை. ஆனால் மருதிக்கு ஊர் இருக்கிறது, பேர் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஒரே காலத்தில் ஒரே மலையைப் பற்றி வந்த இந்த இரண்டு படைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இவ்வளவும் சொல்லி முடித்த திருப்தியில் நாங்கள் இருந்தபோதுதான் பக்கத்து வீட்டு ஆயா வந்தாள். எழுபதுகளில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவள். என்ன படம் என்று கேட்டாள். சிலோன் படம் என்றேன். தரையில் உட்கார்ந்தாள். மூன்றாம் பகுதியைத் திரும்பப் போட்டோம். அவள் ஆத்திரப்படுவாள், "எங்களைக் காட்டலையே" என்பாள், எங்கள் வாதத்துக்குக் கையெழுத்துப் போடுவாள் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கொழுந்து பறிக்கிற ஷாட்டுகள் வந்ததும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "நம்ம சனம்" என்றாள். பிறகு, "பின்னாடி ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கானே, என்னங்கிறான்?"

"விலை சொல்றான் ஆயா. சீமையிலே என்ன விலைக்குப் போகுதுன்னு."

கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். "பிரட்டுக்கு அஞ்சு நிமிசம் பிந்துனா அரைப்பேரு. எடையில குறைஞ்சா அரைப்பேரு. அதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச வெலை. மலையிலேருந்து எறங்கி அது என்ன வெலைக்குப் போச்சுன்னு ஒரு பயலும் சொன்னதில்ல. இவன் சொல்றான் பாரு. இன்னொருக்கா போடு."

போட்டோம். இங்கிலீஷ் தெரியாதவள், அந்த எண்களையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் கணக்கு இங்கே இடறியது. குரல் இல்லாதவள் என்று நான் தீர்மானித்து வைத்திருந்தவள், அந்தப் படத்தின் சப்தத்தை எங்களில் எவரையும்விடச் சரியாகக் கேட்டாள். ரைட் அவளுக்காக அதைச் செய்யவில்லை. தேநீர் குடிக்கும் லண்டன்காரனின் மனசாட்சியைச் சற்றுக் கிள்ளத்தான் செய்தார். ஆனால் படிமத்தின் மேல் விலையை ஏற்றி வைத்த அந்த உத்தி, யாருக்காக என்பதைத் தாண்டி, சேர வேண்டியவளிடம் தொண்ணூறு வருஷம் கழித்துச் சேர்ந்துவிட்டது. படம் அவளுக்கு இருக்கை போடவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள்.

படத்தின் மேல் நான் சொன்ன குறையை இதனால் வாபஸ் வாங்கவில்லை. இரண்டு கட்டம் இரண்டு கட்டம்தான். நல்ல உருவம் தன்னைச் செய்தவனின் பார்வையைவிடச் சில சமயம் தூரம் போகிறது என்பதை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்கிறேன். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும் விமர்சன பாஷை நம்மிடம் இன்னும் உருவாகவில்லை. உருவாக்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு படத்தைப் போட்டு அதன் ஒளிப்பதிவைச் சிலாகிப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆயா போகும்போது கேட்டாள், அந்தப் படத்தை எடுத்தவன் நம்ம ஆளா என்று. இல்லை, வெள்ளைக்காரன், தேயிலைக்காரங்க குடுத்த காசு என்றேன்.

"காசு எங்களுது" என்றாள்.