கீதம் பாடும் நீர்மூழ்கி

நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எடுக்கப்படும் எந்தப் படத்தையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டுவிடலாம் என்பது என் கட்சி. அதில் யார் சத்தம் போடுகிறார்கள், எப்போது, எதற்காக?

கேள்வி கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். ஆனால் அந்த இயந்திரமே சத்தத்தைச் சுற்றிக் கட்டப்பட்டதுதான். தண்ணீருக்குள் ஒளி சில பத்து மீட்டரில் செத்துவிடும், ரேடார் வேலை செய்யாது. ஒலி மட்டும்தான் தூரம் போகும், அதுவும் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில். அதனால் நீர்மூழ்கிக்குக் கண் கிடையாது, காதுதான். எதிரி எங்கே என்று தெரிந்துகொள்ள நீங்கள் ஒரு 'பிங்' அனுப்பினால், அந்தப் பிங்கே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடும். அதனால் அனுப்பாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அங்கே ஒழுங்கு. ஸ்பேனர் ஒன்று கை தவறி விழுந்தால்கூட அது ஒரு சம்பவம்.

இந்தக் கேள்வியோடு 2017இல் வந்த 'காஸி' படத்தை மறுபடி பார்த்தேன். சங்கல்ப் ரெட்டி இயக்கியது. தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்து, தமிழிலும் டப் ஆகி வந்தது. சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. இந்தியாவின் முதல் நீர்மூழ்கிப் படம் என்று விளம்பரம் செய்தார்கள். பாட்டு இல்லை, காதல் இல்லை, முக்கால்வாசி நேரம் ஒரு இரும்புக் குழாய்க்குள்ளேயே கதை நடக்கிறது. நம் சினிமாவில் இது சாதாரண துணிச்சல் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன்னா பின்னால் நிறைய குறை சொல்லப்போகிறேன்.

படத்தின் நல்ல யோசனை ஒன்று உண்டு. கண்ணிவெடியில் அடிபட்ட இந்தியக் கப்பல் முன்னும் பின்னும் நகர முடியாமல் நின்றுவிடுகிறது. டேங்கில் தண்ணீரை ஏற்றி இறக்கி மேலே போகலாம், கீழே வரலாம், அவ்வளவுதான். லிஃப்ட் மாதிரி. ஆனால் டார்பிடோ நேராகத்தான் போகும். அப்படியென்றால் எதிரியைத் தன் மூக்குக்கு நேரே வரவழைக்க வேண்டும். எந்த இன்ஜினியரும் நிமிர்ந்து உட்காரும் இடம் இது. கையில் ஒரே ஒரு அச்சு, இலக்கு இரண்டு அச்சில் நகர்கிறது. இதை எப்படித் தீர்ப்பாய்?

படம் இதை எப்படித் தீர்க்கிறது தெரியுமா? எல்லோரும் நின்று 'ஜன கண மன' பாடுகிறார்கள். சத்தம் தண்ணீர் வழியாகப் போய், பாகிஸ்தான் கப்பலின் சோனார்காரர் காதில் விழுந்து, அந்தக் கேப்டனுக்கு ரத்தம் கொதித்து, நேரே வந்து மாட்டிக்கொள்கிறார்.

தியேட்டரில் எழுந்து நின்றவர்கள் உண்டு. எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்த நிமிடத்தில் படம் தன் பொருளையே கைவிட்டுவிட்டது. அதுவரை ஒலி என்பது அங்கே தகவல்: எவ்வளவு தூரம், எந்தத் திசை, என்ன வேகம். திடீரென்று அது உணர்ச்சி ஆகிவிடுகிறது. சோனார் ஒரு மைக் செட் ஆகிவிடுகிறது. எதிரி கேப்டன் கணக்குப் போடுபவராக இருந்தால், பாட்டைக் கேட்டதும் சந்தோஷப்பட்டிருப்பார். அசையாத இலக்கு, இருக்குமிடத்தைத் தானே பாடிக் காட்டுகிறது, தூரத்திலிருந்தே சுட்டுவிட்டுப் போகலாம். அவர் அப்படிச் செய்யாததற்குக் காரணம், திரைக்கதைக்கு அவர் முட்டாளாக இருக்க வேண்டியிருக்கிறது. எதிரியை முட்டாளாக்கினால் நம் ஆட்களின் திறமையும் சேர்ந்தே குறைகிறது. இதை நம் போர்ப் படங்கள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

வொல்ஃப்காங் பீட்டர்சனின் 'தாஸ் பூட்' (1981) படத்திலும் நீர்மூழ்கிக்குள் பாடுகிறார்கள். 1941இல் யு-96 கப்பலில் போர் நிருபராகப் போய்வந்த லோதார் கூந்தர் புக்ஹைம் 1973இல் எழுதிய நாவல்தான் அதன் மூலம். அங்கே ஜெர்மன் சிப்பாய்கள் பாடுவது ஹிட்லர் பாட்டு இல்லை, 'டிப்பரரி'. ஆங்கிலேயச் சிப்பாய்களின் பாட்டு, எதிரியின் பாட்டு. கேப்டன்தான் ரெக்கார்டைப் போடச் சொல்கிறார். கட்சி விசுவாசியான ஒரு இளம் அதிகாரியின் முகம் அஷ்டகோணலாகிறது. ஒரு பாட்டை வைத்து அந்தக் கப்பலுக்குள் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டிவிடுகிறார்கள். நம் படத்தில் பாடும்போது எல்லோரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

'தாஸ் பூட்' படத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் கேப்டன் இல்லை, யோஹான் என்கிற இன்ஜின் ரூம்காரர். ஆழத்தில் போல்ட்டுகள் தெறிக்கும்போது அவர் உடைந்துபோகிறார், தன் இடத்தை விட்டு வெளியே ஓடிவருகிறார். கேப்டன் துப்பாக்கியை எடுக்கும் அளவுக்குப் போய்விடுகிறது. பிறகு கப்பல் ஜிப்ரால்டர் அடியில் 280 மீட்டரில் தரைதட்டிக் கிடக்கும்போது, தண்ணீருக்குள் கிடந்து ஓட்டையை அடைப்பவர்களில் அவரும் ஒருவர். அந்த நீண்ட பகுதியில் எதிரி என்று யாருமே இல்லை. உடைந்த பேட்டரி செல்கள், உள்ளே ஏறும் தண்ணீர், குறையும் காற்று. பழுதுபார்க்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அதைப்போல் பதற்றமான காட்சிகளை நான் அதிகம் பார்த்ததில்லை. புக்ஹைமுக்கே படம் பிடிக்கவில்லை, நடிப்பு மிகை என்று திட்டினார் என்பது வேறு கதை.

இனி உண்மையான காஸிக்கு வருவோம். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 'டயாப்லோ' என்ற பெயரில் அமெரிக்கா கட்டிய கப்பல். 1964இல் பாகிஸ்தானுக்கு வந்தது. வங்காள விரிகுடா வரை வந்து வேலைபார்க்கும் அளவுக்கு அவர்களிடம் இருந்த ஒரே நீர்மூழ்கி. 1971இல் அது தேடி வந்தது விக்ராந்த் விமானந்தாங்கியை. விக்ராந்துக்கோ பாய்லரில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. கிழக்குக் கடற்படை அதை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய டெஸ்ட்ராயரை விசாகப்பட்டினத்தில் நிறுத்தி, அதிலிருந்து விக்ராந்த் அனுப்புவது போல வயர்லெஸ் செய்திகளை அனுப்பியது. டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி காஸி 90க்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் என்கிறது இந்தியா. அது விதைத்த கண்ணிவெடிகளே வெடித்தன என்கிறது பாகிஸ்தான். பேட்டரி சார்ஜ் ஆகும்போது சேரும் ஹைட்ரஜன் வெடித்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

இதில் ஒரு இந்திய நீர்மூழ்கி எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கற்பனை என்று படமே முதலில் கார்டு போட்டுவிடுகிறது, அதனால் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கைவிட்ட கதையைப் பாருங்கள்! விரிசல் விட்ட பாய்லரை மறைக்க ஒரு கடற்படையே நாடகம் போடுகிறது. ஓய்வுபெறப் போகும் கிழட்டுக் கப்பல் விமானந்தாங்கி வேஷம் கட்டுகிறது. எதிரி எதனால் செத்தான் என்று வென்றவனுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. இதை ஒரு நாவலாசிரியரிடம் கொடுத்தால் விடுவாரா?

அடுத்த 5 நாளில் நடந்ததை யாரும் இந்த அளவில் படமாக எடுக்கவில்லை. டிசம்பர் 9 இரவு, டையூ அருகே, பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி நம் குக்ரி கப்பலை டார்பிடோவால் அடித்தது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலோடு போனார், மகாவீர் சக்ரா கிடைத்தது. இந்த அளவு பலருக்கும் தெரியும்.

பலரும் பேசாத பகுதி இது. குக்ரி 1950களின் பிரிட்டிஷ் வடிவமைப்பு, ஹாங்கோர் புத்தம்புது பிரெஞ்சுத் தயாரிப்பு. குக்ரியின் காதைவிட ஹாங்கோரின் காது கூர்மை. அந்த இடைவெளியைக் குறைக்க ஒரு இளம் லெப்டினன்ட் சோனாருக்கு ஒரு கூடுதல் கருவி செய்திருந்தார். அது போர்க்களத்திலேயே சோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. கருவி நன்றாகக் கேட்க வேண்டுமென்றால் கப்பல் மெதுவாகப் போக வேண்டும். நீர்மூழ்கி சுற்றும் கடலில் மெதுவாகப் போவது என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். அந்த லெப்டினன்ட்டும் கப்பலில்தான் இருந்தார். திரும்பவில்லை.

எங்கள் தொழிலில் இதற்குச் சின்ன அளவில் ஒரு பெயர் உண்டு, புரொடக்‌ஷனில் டெஸ்ட் செய்வது. எங்களுக்கு என்ன, சர்வர் விழும், மேனேஜர் கத்துவார். அங்கே 194 பேர். ஆனாலும் அந்த லெப்டினன்ட்டை என்னால் முட்டாள் என்று சொல்ல முடியவில்லை, வீரர் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடவும் முடியவில்லை. அவர் செய்தது சரியான கருவி, சரியான கணக்கு, தவறான இரவு. ராணுவ அதிகாரியான இயன் கார்டோஸோ உயிர்பிழைத்தவர்களிடம் பேசி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதைப் படித்தால் சினிமாவுக்கு இந்தக் கதை ஏன் ஆகவில்லை என்று புரியும். கெட்டவன் என்று கைகாட்ட அதில் யாரும் இல்லை. ஹாங்கோர்காரர்கள் தங்கள் வேலையை நன்றாகச் செய்தார்கள், அவ்வளவுதான்.

நம் கடற்படையைப் பற்றிய எழுத்து முழுவதிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. புதுக் கப்பல் வந்தால் செய்தி வரும்: இத்தனை டன், இத்தனை மீட்டர், இத்தனை ஏவுகணை. மொபைல் ரிவியூ மாதிரி. பெயர்கள் மட்டும் ஏதோ கவிதை மாதிரி இருக்கும். கல்வரி என்றால் மலையாளத்தில் புலிச்சுறா என்பார்கள். 1967இல் சோவியத்திலிருந்து வந்த நம் முதல் நீர்மூழ்கியின் பெயர் அது. 2017இல் வந்த முதல் ஸ்கார்ப்பீனுக்கும் அதே பெயர். நடுவில் 50 வருஷம். ஆனால் 2005இல் ஒப்பந்தம் போட்டு 2012இல் வர வேண்டியது ஏன் 2017 ஆனது? அதற்கென்று வாங்க இருந்த டார்பிடோ ஒப்பந்தம் ஹெலிகாப்டர் ஊழல் விவகாரத்தில் சிக்கி ரத்தாகி, பழைய டார்பிடோவோடு படையில் சேர்ந்தது எப்படி? காற்று இல்லாமல் நீருக்கடியில் அதிக நாள் தங்க உதவும் ஏஐபி அமைப்பு இல்லாமலேயே ஆறு கப்பல்களும் ஏன் சேர்ந்தன? 2025 ஜனவரியில் ஆறாவதான வாக்‌ஷீர் வந்தபோதும் டன் கணக்கைத்தான் படித்தோம். தாமதத்தை யாரும் எழுதுவதில்லை, தாமதத்தில் வில்லன் இல்லையே.

அந்தத் தாமதத்துக்குள் ஆட்கள் இருந்தார்கள் என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன். புதியது வரும்வரை பழையதை ஓட்ட வேண்டும். கிலோ வகை நீர்மூழ்கி ஒன்றில் 240 பேட்டரி செல்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். 2010இல் விசாகப்பட்டினத்தில் சிந்துரக்‌ஷக்கின் பேட்டரிப் பகுதியில் தீ, ஒரு மாலுமி இறந்தார். ரஷ்யாவுக்குப் போய்ப் புதுப்பித்துத் திரும்பிய அதே கப்பல், 2013 ஆகஸ்ட் 14 நள்ளிரவு மும்பைத் துறைமுகத்தில் கட்டிய நிலையில் வெடித்தது. 18 பேர். ஆறு மாதம் கழித்து சிந்துரத்னாவில் புகை மூட்டத்தில் 2 அதிகாரிகள். அன்றே கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். நவீனமாகிக்கொண்டிருக்கும் ஒரு கடற்படை இந்த நூற்றாண்டில் இழந்த நீர்மூழ்கி ஆட்களை எந்த எதிரியும் கொல்லவில்லை. 'காஸி' மாதிரிப் படங்களின் கண்ணுக்கு அவர்கள் தென்படவே முடியாது. அங்கே சாக வேண்டுமென்றால் எதிரி வேண்டும். சிந்துரக்‌ஷக்கின் 18 பேர் எந்தக் கீதத்துக்கும் நடுவில் சாகவில்லை, டியூட்டியில் இருந்தார்கள்.

தமிழில் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. கடற்படையில் பொறியாளராக இருந்த நரசய்யா 'கடலோடி' எழுதினார். ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு' எழுதி, நாம் கரையில் நின்று பார்த்த கடலைக் கட்டுமரத்தில் ஏறிப் பார்க்க வைத்தார். கடலின் மேற்பரப்பு நமக்கு வந்துவிட்டது. அடியில் இன்னும் இறங்கவில்லை. இத்தனைக்கும் அடியில் இருப்பவர்களோடு பேசும் இடமே நம் ஊரில்தான் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990இலிருந்து இயங்குகிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும்தான் கடல்நீருக்குள் கொஞ்சமாவது நுழையும் என்பதால், பனங்காட்டுக்கு நடுவே வானுயரக் கோபுரங்களை நட்டு, அங்கிருந்து நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறார்கள். எழுத்து எழுத்தாக, மெதுவாக. ஒருவழிப் பாதை அது. கீழே இருக்கும் கப்பலால் அந்த அலைவரிசையில் பதில் அனுப்ப முடியாது, அதற்கான ஆன்டெனா கப்பலைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். நாங்குநேரிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகளைத் தினமும் பார்க்கிறார்கள். ராத்திரி ஷிஃப்டில் அங்கே உட்கார்ந்து, போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவரைப் பற்றி யாராவது ஒரு சிறுகதை எழுதியிருந்தால் சொல்லுங்கள், 'காஸி'யை விட்டுவிட்டு அதைப் பற்றி எழுதுகிறேன்.