தூரமும் அண்மையும்: தொலைக்கல்வி வழி வாண்மைக் கலாநிதிப் பட்டம் பற்றிய ஒரு நோக்கு

தொழிலை விட்டு விலகாமலே கல்வி, சமூகப்பணி, முகாமைத்துவம் முதலிய சமூக விஞ்ஞானத் துறைகளிற் கலாநிதிப் பட்டம் பெறுதல் பிரித்தானியாவில் இன்று வழமையாகிவிட்டது. அங்கு கல்வித்துறை வாண்மைக் கலாநிதிப் பட்டத்தை முதன்முதலில், 1992 இல், தொடங்கியது பிரிஸ்டல் பல்கலைக்கழகமாகும். 1969 இல் நிறுவப்பெற்ற திறந்த பல்கலைக்கழகம் 1990களின் பிற்கூற்றில் அதனைத் தொலைக்கல்விக்குள் கொணர்ந்தது.

மரபுவழிக் கல்வியாளர் இப்பட்டத்தின் தரத்தையே முதலில் ஐயுறுவர். ஆய்வேடு சிறியது, ஆய்வாளர் நூலகத்துக்குத் தொலைவில் உள்ளார் என்பர். இக்கண்டனம் வலுவற்றது. இலண்டன் பல்கலைக்கழகம் 1858 இலேயே தன் பட்டப் பரீட்சைகளை வெளிவாரியினருக்குத் திறந்துவிட்டது. 1921 முதல் 1942 வரை இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்றோர் தோற்றியதும் அவ்வெளிவாரிப் பரீட்சைகளுக்கே. தொலைவை இகழ்தல் நமக்குப் பொருந்தாது.

தொழில் அனுபவமும் அறிவின் ஊற்றே என்னும் கோட்பாடு இப்பட்டத்துக்கு அடிப்படை. டொனால்ட் ஷோன் 1983 இல் வெளியிட்ட நூல், தொழிலாற்றுவோர் செயலினூடே சிந்திக்கும் முறையை ஆராய்ந்து இதற்கு ஊக்கமளித்தது. இக்கோட்பாட்டை நாம் மறுக்கவில்லை. வெளியார் ஒருவருக்கு ஆயத்தமான விடைகளே கிடைக்கும். உள்ளே இருப்பவருக்கோ மௌனங்களின் பொருளும் விளங்கும்.

ஆயினும் இடர்ப்பாடு அந்த அண்மையிலேதான் உள்ளது. இங்கிலாந்தின் பாடசாலை அதிபர் ஒருவர் தம் பாடசாலையின் தலைமைத்துவத்தையே ஆய்வுப்பொருளாகக் கொள்கிறார் எனக் கொள்வோம். அவர் நேர்காண்பது தமக்குக் கீழுள்ள ஆசிரியரை. விரும்பாதவர் எவ்வேளையிலும் விலகலாம் என நெறிமுறைப் படிவம் கூறும். ஆனால் அவ்வாசிரியரின் பதவியுயர்வுக்கான அறிக்கையை எழுதும் கையும் அதே கைதான். பாடசாலைக்குப் புனைபெயர் இடுவதாற் பயன் என்ன? ஆய்வேட்டின் முகப்பில் அதிபரின் பெயர் இருக்கின்றதே! ஆய்வேட்டைச் சில ஆண்டுகள் வாசகர் பார்வைக்கு விடாது தடுத்துவைக்கும் ஏற்பாடும் உண்டு. தொழிலுக்குப் பயன்படவென எழுந்த அறிவு அலுமாரியிற் பூட்டப்படுவது விசித்திரமே.

இதனினும் நுட்பமானது வினாவின் தேர்வு. 1988 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் அங்கு தேசிய பாடத்திட்டத்தைப் புகுத்தியது. நிதி நிர்வாகத்தைப் பாடசாலைகளுக்கே மாற்றி அதிபரை முகாமையாளராக்கியது. அத்தகைய அதிபர், சீர்திருத்தத்தை ஆசிரியர் ஏற்கச் செய்வது எவ்வாறு என வினவுதல் இயல்பு. அச்சீர்திருத்தம் யாருடைய நலனுக்கானது என வினவுதல் அரிது. கட்டணத்தைத் தொழில் வழங்குநர் செலுத்தும்போது இன்னும் அரிது. இதனைத் தனிமனிதரின் கோழைத்தனம் எனக் கொள்ளலாகாது. அவர் நிற்கும் இடமே வினாவை வரையறுக்கின்றது. மலினோவ்ஸ்கி முதலாம் உலகப்போர்க் காலத்தில் துரோபிரியாந்துத் தீவுகளில் வாழ்ந்து தூரத்தைக் குறைக்க முயன்றார். ஆய்வு முடிந்ததும் தீவை விட்டு நீங்கினார். நம் அதிபரோ திங்கட்கிழமை காலை அதே வாயிலால் உள்ளே செல்லவேண்டும்.

வதிவிடப் பல்கலைக்கழகம் ஆய்வாளருக்கு அளித்த பெருங்கொடை இந்த விலகலே எனலாம். கருத்தரங்கில் எதிர்த்து வாதிடும் சகமாணவர், வேறு துறையாரின் எள்ளல், உணவுச்சாலைத் தர்க்கம் யாவும் பழகியதை அந்நியமாகக் காணப் பழக்கின. தொலைக்கல்வி மாணவருக்கு மேற்பார்வையாளர் ஒருவரே பெரும்பாலும் எஞ்சுகிறார். அவருக்கும் அப்பணியிடம் தெரியாது.

எனவே தொலைக்கல்வியை நடத்துவோர் நூல்களை அனுப்புவதோடு அமைதல் போதாது. வெவ்வேறு தொழிலினர் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்து வாதிடும் குழுக்களைப் பாடநெறியின் நடுவில் வைக்கவேண்டும். தம் அதிகாரத்துக்கு உட்பட்டோரை நேர்காண்பதைத் தவிர்த்து, வேறொரு நிறுவனத்தைக் களமாகக் கொள்ளவும் இடமளிக்கவேண்டும். வாய்மொழிப் பரீட்சையிலே, எதனை எழுதாது விட்டீர், யாருக்காக விட்டீர் என்ற வினாவும் தவறாது கேட்கப்படவேண்டும்.