விரல் நகர்த்தும் வெளிச்சம்

ஒருகொடவத்தைச் சந்தியில் சற்று நேரம் நின்றால் போதும், பல நாட்டுச் சரக்கும் இரும்புப் பெட்டிகளில் நம்மைக் கடந்து போகும். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன்கள் இங்குள்ள யார்டுகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பெட்டிக்குப் பெட்டி எழுத்து மாறும்; சீன எழுத்தும் அதில் உண்டு. இந்தத் தீவுக்குச் சீனக் கப்பல்கள் வரத் தொடங்கியது நேற்று இன்றல்ல. அப்படி வந்து சேர்ந்த ஒரு கல், இங்கிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலையில் நிற்கிறது. காலி மும்மொழிக் கல்வெட்டு.

1911இல் காலி நகரில் ஒரு மதகை மூடிய பலகைக்கல்லாகக் கிடந்த இதை, தோமலின் என்ற பொறியியலாளர் கண்டெடுத்தார். அதில் உள்ள தேதி 1409 பெப்ரவரி 15. சீனத்து நான்ஜிங்கில் வெட்டி, கடற்படைத் தளபதி செங் ஹவின் கப்பலில் கொண்டுவரப்பட்டது. தலைப்பில் இரண்டு டிராகன்கள். வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம். சீனம் மேலிருந்து கீழே இறங்குகிறது. தமிழ் இடமிருந்து வலம் போகிறது. பாரசீகம் வலமிருந்து இடம் வருகிறது. ஒரே கல்லில் கண் மூன்று திசைகளில் நடக்க வேண்டும்! சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயினார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல். யாருக்கும் குறைவைக்காத அந்தக் கணக்கை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் கல்லின் முன்னால் போய் நிற்கும் பாடசாலைப் பிள்ளைக்கு இதில் எவ்வளவு தெரியும்? வெட்டு ஆழமில்லை. ஆறு நூற்றாண்டுத் தேய்மானம் வேறு. பாரசீகப் பகுதிதான் மிகவும் மங்கியது. நேராக விழும் வெளிச்சத்தில் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடும். கல்வெட்டு வாசிப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி மைப்படி எடுப்பார்கள். இல்லாவிட்டால் விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடிப்பார்கள். சாய்வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் நிழல் விழும், எழுத்து எழும்.

அந்தச் சாய்வெளிச்சத்தை நம் விரல் நுனிக்குக் கொண்டுவந்த நுட்பம் ஒன்று உண்டு. ஹியூலட் பக்கார்ட் ஆய்வகத்தில் தொம் மால்ஸ்பெண்டர் என்பவரும் அவருடைய தோழர்களும் 2001இல் அதை வெளியிட்டார்கள். கமரா அசையக்கூடாது, பொருளும் அசையக்கூடாது, விளக்கு மட்டும் இடம் மாறும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு படமாகப் பல பத்துப் படங்கள். இதிலே நான் மிகவும் ரசிப்பது பொருளின் பக்கத்தில் வைக்கப்படும் பளபளப்பான சிறிய கறுப்பு உருண்டையைத்தான். படத்துக்குப் படம் அதன்மேல் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும். விளக்கு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அந்தப் புள்ளியே கணினிக்குச் சொல்லிவிடுகிறது. அதைக் கொண்டு, ஒவ்வொரு புள்ளியளவு பரப்பும் எந்தக் கோணத்து ஒளிக்கு எப்படி மினுங்கும் என்று கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார்கள். ஏதென்ஸ் அருங்காட்சியகத்திலுள்ள பழைய கிரேக்க வானியல் கணிப்புக் கருவியான அன்டிகிதேராப் பொறியின் தேய்ந்த எழுத்துகளை வாசிக்க 2005இல் இந்த முறை கைகொடுத்தது.

இத்தாலியின் பீசா நகரில், பலாஸோ புளூ அருங்காட்சியகத்தில், பழைய நாணயங்களை இப்படியே படமெடுத்துத் தொடுதிரை அமைத்தார்கள். கண்ணாடிப் பேழைக்குள் அசையாமல் கிடக்கும் நாணயத்தை, கையில் எடுத்து ஜன்னலோரம் சாய்த்துப் பார்ப்பதுபோல் திரையில் பார்க்கலாம். விரலை இடப்பக்கம் இழுத்தால் வெளிச்சம் இடப்பக்கம் போகும்; மேலே கொண்டுபோனால் புடைப்பின் நிழல் கீழே நீளும். இந்த வகை மாதிரிப் படங்களைக் கணினியில் அசைத்துப் பார்த்திருக்கிறேன். வெறும் சாம்பல் பரப்பு என்று நினைத்த இடத்தில் உளி பட்ட ஒரு கோடு தெரியவரும். விரலைச் சற்று நகர்த்தினால் மறைந்துவிடும். திரும்பக் கொண்டுவந்தால் திரும்ப வரும். அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தது நாமே என்ற மகிழ்ச்சி எந்த விளக்கப் பலகையாலும் கிடைக்காது.

தொடுதிரை என்றாலே எல்லாம் ஒன்றல்ல. பக்கம் பக்கமாக எழுத்தை நிரப்பிய திரை, பலகையைக் கண்ணாடிக்குள் வைத்த கதைதான். தமிழ்நாட்டில் 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்திலும் தொடுதிரைகள் உண்டு. அங்குள்ள பானையோட்டுக் கீறல்களுக்கும் இந்த அசையும் வெளிச்சம் அற்புதமாகப் பொருந்தும். நல்ல திரைக்கு என் அளவுகோல் ஒன்றே: தொட்டவர் அடுத்த கணம் திரையை விட்டுப் பொருளின் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை நகர்த்தும் திரை அதைச் செய்யும். திரையில் தமிழ் வரியொன்று எழுந்ததும், அது கல்லில் எங்கே என்று கண் தானாகத் தேடும்.

காலிக் கல்லின் அருகே அப்படியொரு திரை வேண்டும். அதன் குறிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். தேவைப்படுவது ஒரு கமரா, ஒரு விளக்கு, ஒரு கறுப்பு உருண்டை, சில நாள் பொறுமை. படங்களை ஒன்றுசேர்க்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம் பல்கலைக்கழகங்களின் தொல்லியல் மாணவர்கள் நூதனசாலையோடு சேர்ந்து இந்த வேலையைக் கையில் எடுக்கட்டும்.