திரும்பி வரும் வழி

அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் என்று ஒரு சிற்றூர். பனிக்காலம் வந்துவிட்டால் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகள் அங்கே திரண்டு வரும். ஊருக்கு வெளியே உள்ள அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு தங்கலாம். வண்டி நிற்கிற இடத்தில் மின் இணைப்பு கிடையாது. ஆனாலும் உள்ளே மைக்ரோவேவில் சூப் சூடாகிறது, காபி இறங்குகிறது, மடிக்கணினி சார்ஜ் ஏறுகிறது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் செய்கிற வேலை அது. நம் வீடுகளில் கரண்ட் போனால் கைகொடுக்கும் அதே கருவிதான். சக்கரத்தின் மேல் ஏறியதும் அதன் வயரிங்கில் வந்து சேர்கிற நுணுக்கங்கள் வேறு.

நன்றாகச் செய்த ஆர்.வி. வயரிங்கைப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். மைக்ரோவேவை ஓட வைப்பது எளிது. இரண்டு கேபிளை மாட்டினால் ஓடிவிடும். என்றோ ஒரு நாள் ஏதோ ஒன்று பழுதானால் கரண்ட் எந்த வழியாகத் திரும்பும், எங்கே அறுபடும் என்று முன்கூட்டியே யோசித்துப் போட்டிருக்கிறார்களே, அந்த வேலையின் நயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது கேபிளின் பருமன். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். 1500 வாட் இழுக்கும் மைக்ரோவேவுக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டரை ஆம்பியர் போதும். சாதாரண வயர் தாங்கும். அதே மைக்ரோவேவுக்காக 12 வோல்ட் பேட்டரியிலிருந்து, இன்வெர்ட்டரின் சேதாரத்தையும் சேர்த்து, 140 ஆம்பியர் அளவுக்குக் கிளம்ப வேண்டும். 2000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் ஓடினால் 200 ஆம்பியரை நெருங்கும். அதனால்தான் ஒரு பக்கம் மெல்லிய வயர், மறுபக்கம் 67 சதுர மில்லிமீட்டர் தாமிரம். இரண்டு பூஜ்யம் என்ற அளவுக் கணக்கில் விற்கிற கேபிள் இது. உள்ளே முடி போன்ற நூற்றுக்கணக்கான இழைகள். வண்டி மேடு பள்ளத்தில் குலுங்கும்போது கெட்டிக் கம்பி முறியும். இழைக் கேபிள் வளைந்து கொடுக்கும்.

இவ்வளவு பருமன் இருந்தும் போக இரண்டு, வர இரண்டு என நான்கு மீட்டர் ஓடினால் 200 ஆம்பியரில் 0.2 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. 40 வாட் வெப்பமாகிறது. ஆகவே தேர்ந்தவர் இன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். ஆனால் ஒரே அறைக்குள் வைக்க மாட்டார். தண்ணீர் ஊற்றுகிற ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலே பொறி விடும். கேஸ் சிலிண்டர் அறைக்கும் இதே விலக்கு உண்டு. நடுவே ஒரு தடுப்பு, தடுப்பில் ஒரு துளை, தகடு கேபிளை அறுத்துவிடாதபடி துளைக்கு ஒரு ரப்பர் வளையம். அந்த ரப்பர் வளையம் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பத்தாயிரம் மைல் ஓடிய பிறகு என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

பிறகு கேபிளின் நுனியில் மாட்டும் லக். அறுகோண அச்சில் நசுக்கிக் கிரிம்ப் செய்த லக்கைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தனித்தனி இழைகள் தெரியாது. ஒரே தாமிரக் கட்டியாகத் தெரியும். அதன் கழுத்தில் பசை பூசிய சுருங்கு குழாய். சூடு காட்டியதும் அது சுருங்கிக் கேபிளைக் கவ்வ, ஓரத்தில் பசை ஒரு மெல்லிய வளையமாகப் பிதுங்கி நிற்கும். ஈரம் இனி உள்ளே போகாது என்பதற்கு அதுவே அடையாளம். வெறும் ஈயப் பற்றை நம்பி லக் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இணைப்பு சூடேறினால் ஈயம் இளகும். இழைகளுக்குள் ஊறிய இடத்தில் கேபிள் விறைத்து, குலுக்கலில் அங்கேயே ஒடியும்.

இன்வெர்ட்டர் டெர்மினலில் அந்த லக் உட்கார்ந்திருக்கும் வரிசையைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். கீழே டெர்மினலின் உலோகத் தளம். அதன் மேல் நேராக லக், முகத்தோடு முகம் ஒட்டி. அதற்கு மேல் தட்டை வாஷர், ஸ்பிரிங் வாஷர், கடைசியில் நட். இந்த வரிசை மாறி வாஷர் லக்குக்கு அடியில் போய்விட்டால் வெளிப்பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நட் அதே இறுக்கத்தில் இருக்கும், மைக்ரோவேவும் ஓடும். ஆனால் துருப்பிடிக்காத எஃகின் மின்தடை தாமிரத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. 200 ஆம்பியரும் அந்தச் சிறு வளையத்தையும் அதன் இரண்டு முகங்களையும் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கே ஒரே ஒரு மில்லி ஓம் தடை சேர்ந்தாலும் 40 வாட் வெப்பம். ஒரு சால்டரிங் அயர்னை டெர்மினலில் கட்டிவைத்த மாதிரி. சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும், நட் தளரும், லூஸ் கனெக்‌ஷன் இன்னும் சூடாகும். வாஷர் இருக்க வேண்டியது நட்டுக்கும் லக்குக்கும் நடுவே. அது அழுத்தத்தைப் பரப்புவதற்கு. கரண்டைக் கடத்துவதற்கு இல்லை. எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கையேட்டில் ஓர் அளவு இருக்கும். அளவு காட்டும் ஸ்பேனரால் அந்த எண் வரைக்கும் முறுக்கி, நட்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்திருப்பார்கள். கோடு விலகியிருந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்தக் கோட்டின் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஃபியூஸைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் இன்வெர்ட்டரைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது கேபிளைக் காப்பதற்கு. அதனால்தான் அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள துண்டுக் கேபிளுக்கு எந்தக் காவலும் இல்லை. படகுகளுக்கான அமெரிக்க விதி ஏழு அங்குலத்துக்குள் என்கிறது. கவனமுள்ள ஆர்.வி. காரர்களும் அதையே கைக்கொள்கிறார்கள்.

எந்த ஃபியூஸ் என்பதில் இன்னொரு நுணுக்கம். ஏசி கரண்ட் நொடிக்கு 120 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. பொறி எழுந்தாலும் அந்த இடைவெளியில் அணைய வாய்ப்பு உண்டு. டிசிக்கு அந்த ஓய்வே இல்லை. ஃபியூஸின் பட்டை உருகிய பிறகும் இடைவெளியைத் தாண்டிப் பொறி எரிந்துகொண்டே கரண்டைக் கடத்தும். இப்போது எல்லோரும் மாறிவரும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு உள்தடை மிகக் குறைவு. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அதை அறுக்க வந்தது டி வகை ஃபியூஸ். 20,000 ஆம்பியர் வரை அறுத்து நிறுத்தும் திறன் அதற்கு. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏ.என்.எல். ஃபியூஸுக்கு 6,000. டி வகையின் உருளைக்குள் பட்டையைச் சுற்றி மணல் நிரப்பியிருக்கிறது. பட்டை ஆவியாகும்போது மணல் உருகி, பொறியின் சூட்டைக் குடித்து, கண்ணாடியாக இறுகி வழியை அடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருளுக்குள் இவ்வளவு யோசனை.

இந்த வேலையின் உச்சம் என்று நான் சொல்வது நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம். வீட்டு மின்சாரத்தில் இரண்டும் ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில்தான், இணைக்கப்பட்டிருக்கும். ஃபேஸ் வயர் உரிந்து ஏதாவது இரும்புப் பெட்டியைத் தொட்டால், கரண்ட் எர்த் வயர் வழியாக அந்த இணைப்புக்கு வந்து நியூட்ரலில் ஏறி மூலத்துக்குத் திரும்பும். அந்தத் திடீர் வேகத்தில் பிரேக்கர் விழும். மின் இணைப்போடு இடம் தரும் ஆர்.வி. பூங்காவில் வண்டி பிளக்கில் இருக்கும்போது இந்த இணைப்பு பூங்காவின் மின் அமைப்பில் இருக்கிறது. ஆகவே வண்டிக்குள் நியூட்ரல் சேசிஸைத் தொடவே கூடாது. தொட்டால், வழக்கமாகத் திரும்புகிற கரண்டின் ஒரு பங்கு எர்த் வயரிலும் வண்டியின் உடம்பிலும் ஓடத் தொடங்கும்.

இப்போது அந்த வண்டி குவார்ட்ஸைட் பொட்டலுக்குப் போகிறது. பிளக் இல்லை, பூங்காவின் இணைப்பும் இல்லை. மூலமே இன்வெர்ட்டர்தான். இங்கே நியூட்ரலும் எர்த்தும் எங்கேயும் சேராமல் இருந்தால், ஃபேஸ் பெட்டியைத் தொட்டாலும் திரும்ப வழியில்லாததால் கரண்ட் ஓடாது, பிரேக்கர் விழாது. பழுது சத்தமில்லாமல் காத்திருக்கும். இரண்டாவது பழுது வரும்போது நடுவில் ஒரு மனிதர் நிற்கலாம். ஆகவே பாலைவனத்தில் இணைப்பு வேண்டும், பூங்காவில் கூடாது. ஆர்.வி.க்கென்றே செய்த நல்ல இன்வெர்ட்டர் சார்ஜர்களில் இதற்காக உள்ளே ஒரு ரிலே இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஓடும்போது நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வைக்கும். வெளிக் கரண்ட் வந்தால் அதன் வோல்டேஜையும் அதிர்வெண்ணையும் சோதித்து, இணைப்பை விலக்கி, கரண்டை உள்ளே விடும். வெளிக் கரண்ட் போனால் 20 மில்லி விநாடி அளவில் திரும்ப மாறிவிடும். மைக்ரோவேவின் கடிகாரத்துக்குக்கூட அது தெரியாது. மலிவான சில இன்வெர்ட்டர்களில் இரண்டு முனைகளிலுமே பாதிப் பாதி வோல்டேஜ் இருக்கும். அதில் ஒன்றை எர்த்தோடு சேர்த்தால் கருவியே எரிந்துபோகும். அப்படிப்பட்டதை ஆர்.வி.யின் பேனலில் சேர்க்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

பேனலிலும் ஒரு கண்ணி உண்டு. வண்டியில் ஏற்கெனவே கன்வெர்ட்டர் என்று ஒரு சார்ஜர் இருக்கும். இன்வெர்ட்டரை மொத்தப் பேனலுக்கும் கொடுத்தால் பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, இன்வெர்ட்டர் கன்வெர்ட்டரை ஓட்ட, கன்வெர்ட்டர் அதே பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் சேதாரம். காலையில் பேட்டரி காலி. அதனால் ஒரு சிறு துணைப் பேனல். மைக்ரோவேவும் பிளக் பாயின்ட்களும் அதற்கு வரும். ஏர் கண்டிஷனர், வாட்டர் ஹீட்டர் காயில், கன்வெர்ட்டர் மூன்றும் பழைய பேனலிலேயே இருக்கும். இப்படி மாற்றும்போது ஃபேஸை மட்டும் கொண்டுவந்து நியூட்ரலைப் பழைய பட்டையிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு ஃபேஸோடும் அதனதன் நியூட்ரலையும் தேடிப் பிரித்துக் கூடவே கொண்டுவந்திருக்கிறார் என்றால், செய்தவரின் கையை அங்கேயே மதிக்கலாம்.

முதல்முறை இணைக்கும்போதும் ஒரு மரியாதை இருக்கிறது. இன்வெர்ட்டருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கின்றன. கேபிளை நேராகத் தொட்டால் அவை ஒரே மூச்சில் நிரம்பப் பார்க்கும். பொறி பறந்து டெர்மினலின் முகம் கரியும். அதனால் ஒரு சில பத்து ஓம் ரெசிஸ்டரை நடுவில் பிடித்துச் சில விநாடிகள் மெல்ல நிரப்பி, பிறகு கேபிளை மாட்டுகிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் சமையல் மேடைக்குப் பக்கத்தில் உள்ள கசிவுக் காப்பு பிளக் பாயின்ட்டில் சோதனைக் கருவியைச் செருகி அதன் பொத்தானை அழுத்துவார். கருவி ஃபேஸிலிருந்து எர்த்துக்குச் சில மில்லி ஆம்பியரைக் கசிய விடும். பிளக் பாயின்ட் டக்கென்று விழுந்தால் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் இணைப்பு வழியாக அந்தக் கசிவு திரும்பியிருக்கிறது. விழாவிட்டால் பேனலை மறுபடி திறப்பார். விழுந்தால் ரீசெட் செய்து, வண்டியை வெளிக் கரண்டில் போட்டு, ரிலே மாறும் வரை பொறுத்து, அதே பொத்தானை இரண்டாவது முறை அழுத்துவார். இந்த முறை அதே கசிவு பூங்காவின் இணைப்பு வழியாகத் திரும்ப வேண்டும்.